நான்காவது நிபந்தனை

முழங்கால் பலகைக்கு இந்த மெத்தையைத் தைத்துப் போட்டது நான்தான், ஃபாதர். நீங்கள் இந்தப் பங்குக் கோயிலுக்கு வருவதற்கு முன்பு வெறும் மரம்தான் இருந்தது. வயதானவர்கள் முட்டி வலியில் பாதிப் பாவத்தை மறந்துவிட்டு எழுந்து போவார்கள். இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. சாவகாசமாகச் சொல்லலாம். ஐந்து மணிக்குக் கல்லறைத் தோட்டத்தைப் பூட்டுகிறார்கள். அதற்குள் முடித்துவிடுவேன்.

இந்த வலைத்தட்டி வழியாக என் முகம் உங்களுக்குத் தெரியாது. மெத்தையைப் பற்றிச் சொன்னதுமே ஆளைத் தெரிந்திருக்கும். பரவாயில்லை. பீடத்துத் துணிகளைத் தைப்பதும் வெளுப்பதும் இஸ்திரி போடுவதும் என் வேலை. உங்கள் வெள்ளை அங்கி இடது தோளில் இறங்கியிருக்கிறது. கொடுத்தனுப்புங்கள், பிடித்துத் தைத்துத் தருகிறேன்.

சின்னப் பாவங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். துணிக்கடைக்காரரிடம் எரிந்து விழுந்தேன். திருப்பலி நடக்கும்போது முன்வரிசைக்காரரின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தேன், தையல் கோணல். செபமாலையைப் பாதியில் விட்டுத் தூங்கிப்போனேன்.

பெரியது ஒன்று இருக்கிறது. அது பெரியதுதானா, பாவம்தானா என்பதே எனக்குத் தெரியவில்லை. இதுவரை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அதைச் சொன்னதில்லை. மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். பாவம் என்று தோன்றாத ஒன்றை எப்படிச் சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிரசங்கத்தைக் கேட்ட பிறகுதான் இந்தச் சந்தேகம் வந்தது. இந்த வாரம் கல்லறைக்குப் போய் செபித்தால், இறந்துபோன ஓர் ஆத்துமாவுக்குப் பரிபூரணப் பலன் கிடைக்கும் என்றீர்கள். அந்த ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பை விட்டு நேராக மோட்சம் போகும். ஆனால் செபிக்கிறவர் முதலில் முறையாகப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும். அதனால்தான் வந்தேன். என் கணவருக்காக.

என் கணவர் முடி வெட்டுபவர். மெயின் ரோட்டில் கீழே சலூன், மேலே வீடு. நீங்கள் வரும்போது அவர் உயிரோடு இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள். வாய் ஓயாத மனிதர். கத்தரி நின்றாலும் நிற்கும், பேச்சு நிற்காது. தலையில் ஒரு முடி இல்லாத தபால்காரர்கூட வந்து நாற்காலியில் உட்காருவார்.

"உங்களுக்கு நான் என்னத்தய்யா வெட்டறது?" என்பார் இவர்.

"நீ ஒண்ணும் வெட்ட வேணாம். சும்மா கத்தரிய ஆட்டிக்கிட்டே பேசு. கேக்க சொகமா இருக்கு."

கடையே சிரிக்கும். மேலே என் தையல் மிஷினுக்கு அடியில் தரை லேசாக அதிரும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் கேட்காது. சிரிப்பு மட்டும் வரும்.

கடையைச் சாத்திவிட்டு மேலே வருவார். படியேற ஏற அந்தப் பேச்சு கரைந்துகொண்டே வரும். வாசலுக்கு வரும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது. "சாப்பாடு?" என்பார். "இருக்கு" என்பேன். அதோடு சரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் குடித்ததில்லை. என் மேல் கை வைத்ததில்லை. நாள் முழுக்கப் பேசிக் களைத்துப் போய் வருகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படித்தான் கல்யாணமான வருடத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளோடு பேசுவார். ஒரே மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் வேலைக்குப் போன பிறகும் பாப்பாதான். அவள் முடியை அவர்தான் வெட்டிவிடுவார். கடையில் ஆள் இல்லாத மதிய நேரத்தில் அவளைப் பெரிய நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, ஒரு மணி நேரம் வெட்டுவார். அரை விரல் அளவுக்கு வெட்ட ஒரு மணி நேரம். நான் படியில் நின்று பார்த்திருக்கிறேன். என் தலைமுடியை அவர் தொட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு அவளுக்கு வெளிநாட்டில் ஒரு பல் டாக்டரிடம் வேலை கிடைத்தது. போய்விட்டாள். அங்கே ஒருவனோடு வாழ்கிறாள். கோயிலில் வைத்துக் கல்யாணம் ஆகவில்லை, எங்கேயும் ஆகவில்லை. இது எனக்குத் தெரியாது என்று அப்பாவும் மகளும் நினைத்திருந்தார்கள். படியில் நின்றால் கடையில் பேசுவது கேட்கும், ஃபாதர். ஒருநாள் அவர் போனில் சொன்னார்: "நீ சந்தோஷமா இருக்கியா பாப்பா? அப்புறம் என்ன. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது வலது பக்கம் முழுவதும் போயிருந்தது. பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு சத்தம். "பா." தண்ணீர் வேண்டுமென்றாலும் பா. திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் பா. ஊரெல்லாம் பேசிய வாய்க்குக் கடவுள் அதை மட்டும் விட்டுவைத்தார்.

நான் அவரைக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கவிடவில்லை. பீடத்துத் துணியை எப்படி இழுத்து மடிப்பேனோ, அப்படித்தான் அந்தப் படுக்கையையும்.

கடையைக் கூட்டாளி எடுத்து நடத்தினார். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம். கடையில் எல்லோரும் சீப்பு என்பார்கள். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சீப்பு செருகியிருக்கும். தினமும் காலையில் கடை திறக்கும் முன் மேலே வந்து என் கணவருக்குச் சவரம் செய்துவிடுவார்.

"அண்ணே, இந்தப் பக்கம் தூங்குது, அந்தப் பக்கம் முழிச்சிருக்கு. பாதி மூஞ்சிக்குப் பாதிக் காசு கொடுத்தா போதும். என்ன அண்ணி, சரிதான?"

என் கணவர் சிரிப்பார். இடது பக்கம் மட்டும் சிரிக்கும்.

அந்தச் சீப்புதான் கடையில் கிடந்த பழைய கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு எதிரே சுவரில் சாய்த்து மாட்டினார். படுத்தபடியே பார்த்தால் அதில் கீழே தெரு தெரியும். பஸ் போவது தெரியும். கடைக்கு யார் வருகிறார்கள், யார் வெட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரியும். தபால்காரர் கீழே நின்று, கண்ணாடிக்கு நேராகத் தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டுவார். அவ்வளவுதான், இவருக்குச் சிரிப்பு அடங்காது. நான் அதே அறையில்தான் தைத்துக்கொண்டிருப்பேன். கண்ணாடியில் என் மிஷின் தெரியாது. அந்தக் கோணத்தில் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்வாள். போனை அவர் காதில் நான் பிடித்துக்கொண்டிருப்பேன். என்ன சொல்கிறாள் என்று எனக்கும் கேட்கும்.

"அப்பா, நான் லீவுல வர்றப்ப நீங்கதான் எனக்கு முடி வெட்டணும். இங்க ஒருத்தி எலி கடிச்ச மாதிரி பண்ணி வச்சிருக்கா. இடது கையாலயே வெட்டுங்க, பரவால்ல. கோணையா இருந்தாலும் உங்க கோணைதான் எனக்கு வேணும்."

"பா" என்பார். கண்ணில் தண்ணீர் வழியும். நான் துடைத்துவிடுவேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு தடவை வரும் யூபிலி ஆண்டு அது. உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த பெரிய ஃபாதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் குறித்த கோயிலுக்குப் போய் வருகிறவர்களுக்குப் பரிபூரணப் பலன் உண்டு. படுக்கையில் கிடப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே மனத்தால் சேர்ந்துகொள்ளலாம். நிபந்தனைகள் நான்கு. பாவசங்கீர்த்தனம். நற்கருணை. திருத்தந்தை போப்பாண்டவரின் கருத்துகளுக்காகச் செபம். நான்காவது, எந்தப் பாவத்தின் மேலும், மிகச் சிறிய பாவத்தின் மேலும்கூட, பற்றில்லாத மனம்.

சிறு வயதில் கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தவள் நான். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி அங்கே சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தது என் உடம்போடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. ஒரு தீக்குச்சியில் விரலை வைத்துப் பார், பிறகு பேசு என்பார்கள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை திருப்பலி நேரத்தில் கடை திறந்தவர். பெரிய வெள்ளியன்று ஜோக் சொன்னவர். மகளுடைய பாவத்துக்குத் தானே பொறுப்பு என்று போனில் சொன்னவர். அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியாதா?

முதலில் அவருக்காக நானே பெற்றுத் தரலாம் என்று பார்த்தேன். பெரிய ஃபாதரிடம் கேட்டேன். கோயில் வாசலில் பைக்கில் ஏறிக்கொண்டிருந்தார்.

"முடியாதும்மா. உயிரோட இருக்கறவங்களுக்கு இன்னொருத்தர் வாங்கித் தர முடியாது. அவங்கவங்கதான் பெறணும். செத்துப்போனவங்களுக்குத்தான் நாம ஒப்புக்கொடுக்கலாம்."

"அந்த நாலாவது நிபந்தனை, ஃபாதர். அது எப்படித் தெரியும், பற்று போயிடுச்சான்னு?"

"அதுதாம்மா கஷ்டம். அது வந்துட்டா மத்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "அவர் படுத்த படுக்கையா இருக்கார். இனிமே அவருக்கு என்னம்மா பற்று?"

அவருக்கு என்ன பற்று என்று எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாரே.

பெரிய ஃபாதர் வீட்டுக்கு வந்து அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கொடுத்தார். பேச முடியாது என்பதால் ஃபாதர் கேட்க, இவர் தலையாட்டினார். நான் வெளியே நின்றேன். ஃபாதர் போன பிறகு உள்ளே வந்து நானே கேட்டேன். "பாப்பா விஷயத்துல நீங்க சொன்னதுக்கும் சேத்துத்தான் வருந்தி மனஸ்தாபப்பட்டீங்களா?"

எனக்குத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். இல்லை என்று. மெதுவாக, எனக்குத் தெளிவாகப் புரியும்படி ஆட்டினார். அதன் பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாவத்தின் மேல் பற்று கூடாது என்றுதான் நிபந்தனை. மனிதர் மேல் அன்பு கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போன ஞாயிறு நீங்கள் இதை அழுத்திச் சொன்னீர்கள். சொல்லும்போது என்னைப் பார்த்தீர்களோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அது எனக்கு அன்றைக்கே தெரியும், ஃபாதர். நான் படிக்காதவள் இல்லை. என் யோசனை வேறு. சட்டையில் கறை இருக்கிறது. கறையை மட்டும் எடுக்கத்தான் பார்ப்போம். போகவில்லை என்றால் என்ன செய்வோம்? அந்த இடத்தையே வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப் போடுவோம்.

நிதானமாகத்தான் செய்தேன். முதலில் சீப்பை நிறுத்தினேன்.

"இனிமே அவருக்கு நானே சவரம் பண்ணிவிடறேன். காலைல செபம் சொல்ற நேரம் அது."

"அண்ணி, ஒரு பத்து நிமிஷம்தான்."

"உங்க பேச்சுல பாதி அசிங்கம். சாகக் கிடக்கற மனுஷன் கேக்கற பேச்சா அது?"

அவர் காதுக்குப் பின்னாலிருந்த சீப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அது ஒண்ணுதான அண்ணி அவருக்கு மருந்து" என்றார். நான் கதவைச் சாத்தினேன். அடுத்த நாளும் வந்து தட்டினார். அதற்கடுத்த நாளும். பிறகு வரவில்லை. கீழே கத்தரிச் சத்தம் மட்டும் வரும். என் கணவர் காலையில் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்து கண்ணாடி. துடைக்கப்போவதாகச் சொல்லிக் கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. "பா, பா" என்று இடது கையால் சுவரைக் காட்டினார். அது இருந்த இடத்தில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை மாட்டினேன். அதையும் காட்டி "பா" என்றார். "ஆமாங்க, அவரையே பாத்துக்கிட்டு இருங்க" என்றேன்.

தெருவிலிருந்து சத்தம் வருகிறது என்று கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினேன். அந்த அறையில் என் துணி அலமாரியும், கட்டிலோடு நான் கொண்டுபோன மிஷினும் தவிர வேறெதுவும் இல்லை. ஜன்னல் உண்டு; அதற்கு நேரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அமைதியான அறை. பீடத்துத் துணிகளை அங்கேதான் காயப்போட்டிருப்பேன். கஞ்சி மணம் வரும்.

போன் கடைசியாக. அப்பாவுக்குப் போன் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று மகளிடம் சொன்னேன். நம்பினாள். அவளுக்குப் பொய் சொன்னது பாவம்தான். அதைச் சின்னப் பாவங்களில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒருநாள் மறுபடியும் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டேன். "இப்பவாவது சொல்லுங்க. பாப்பா பண்றது தப்பு, அதுக்கு நான் துணை போனது தப்புன்னு மனசுல நெனச்சுக்கோங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. உங்களுக்காகத்தான் கேக்கறேன்."

அவர் சிரித்தார், ஃபாதர். இடது பக்கம் மட்டும். "பா" என்றார். அந்தத் தடவை அது தண்ணீர் இல்லை. அவள் வரப்போகிறாள் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. அவள் லீவில் வரும் மாதத்தை முன்பே போனில் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் அவர் மூச்சைப் பிடித்துவைத்திருந்தார். நான் கொடுத்த கஞ்சியைக் குடித்தது அதற்காக. மருந்தைத் துப்பாமல் விழுங்கியது அதற்காக. எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, ஒன்று மட்டும் அவருக்குள்ளே இருந்தது. என் கைக்கு எட்டாத இடத்தில்.

யூபிலி ஆண்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அவள் வருவது அதற்குள் நடந்துவிடும். வந்தால் அவர் கையில் கத்தரியைக் கொடுப்பாள். நான் கட்டியது எல்லாம் ஒரே நாளில் சரிந்துவிடும். அவர் சந்தோஷமாகச் செத்துப்போவார். அதற்குப் பிறகு? தீக்குச்சியில் விரலை வைத்துப் பாருங்கள், ஃபாதர்.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் மனத்துக்குள்ளே போய் எதையும் எடுக்க முடியாது. யாரால் முடியும்?

ஒருநாள் காலை அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். அவருடைய கத்திதான். நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. அது இல்லை. கத்தியால் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை. வலது பக்கம் முடித்துவிட்டேன். இடது பக்கம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அப்போதுதான் சொன்னேன்.

"ஏங்க. பாப்பா போயிட்டா."

அவருக்குப் புரியவில்லை.

"ரோட்டுல வண்டி மோதிடுச்சாம். நேத்து தகவல் வந்துச்சு. அங்கயே அடக்கம் பண்ணிடுவாங்களாம்."

திட்டமிட்டுச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் வந்ததும், இது சரியான வழி என்று எனக்குப் பட்டது. அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். இவர் மனத்திலிருந்து மட்டும் அவளை எடுத்தாயிற்று. அவளுடைய போட்டோவைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்து, முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவர் பார்க்கும்படி வைத்தேன்.

அழுதார். இடது கண், வலது கண் இரண்டிலும் தண்ணீர் வந்தது. நுரை கரைந்து கழுத்தில் இறங்கியது. சத்தம் வரவில்லை. அந்த "பா"கூட வரவில்லை. பிறகு இடது கையை நீட்டினார். காற்றில் துழாவினார். என் கை அங்கே இருந்தது. பிடித்துக்கொண்டார்.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், ஃபாதர். முடி வெட்டுபவர் கையில் பிடி எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நுரை காயும்வரை நான் நகரவில்லை.

அன்று மகளுக்கு நானே போன் செய்தேன். அப்பா இப்போது நன்றாகத் தேறிவிட்டார், லீவை வீணாக்காதே, இரண்டு மாதம் கழித்து வந்தால் எழுந்து உட்காருவார், அப்போது முடி வெட்டச் சொல்லலாம் என்றேன். சந்தோஷப்பட்டாள். டிக்கெட்டை மாற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. கரண்டியை உதட்டில் வைத்தால் அப்படியே இருப்பார். கஞ்சி வழிந்துவிடும். தண்ணீரும் அப்படித்தான். நான் வற்புறுத்தவில்லை. டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம், மூக்கில் குழாய் வைத்திருப்பார்கள். கூப்பிடவில்லை. பற்றெல்லாம் விட்டுப்போன மனிதரைக் குழாய் போட்டு எதற்குக் கட்டிவைப்பது என்று நினைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மிஷினைக்கூட மிதிக்கவில்லை. என் கையை அவர் விடவில்லை.

ஒரே ஒரு தடவை சொன்னார். கண்ணை மூடியபடி, என் விரல்களை இறுக்கிக்கொண்டு, "பா" என்றார். எல்லாவற்றுக்கும் அதைத்தானே சொல்வார். என்னைக் கூப்பிட்டிருப்பார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

பெரிய ஃபாதரை வரச் சொன்னேன். பாவசங்கீர்த்தனம், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல், ஒரு துளி நற்கருணை, எல்லாம் நடந்தது. இந்தத் தடவை என்னை அறையிலேயே இருக்கச் சொன்னார். "எல்லாப் பாவங்களுக்காகவும் மனஸ்தாபப்படுறியா மகனே" என்று கேட்டார். என் கணவர் தலையாட்டினார். ஃபாதர் இன்னும் ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேட்காததற்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் பெரிய ஃபாதர், "கொடுத்துவச்ச சாவும்மா, எந்தப் பற்றும் இல்லாம கெடக்கார், மொகத்தப் பாரேன்" என்றார்.

நான்கு நிபந்தனையும் முடிந்தது என்றுதான் போன ஞாயிறு வரை நம்பியிருந்தேன். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

மகள் அடக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். முடி உண்மையிலேயே எலி கடித்த மாதிரிதான் இருந்தது. அப்பா படுத்திருந்த அறையில் தனியாக இருக்கவேண்டும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் போட்டோவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். சட்டத்தில் மெழுகு வழிந்து உறைந்திருந்தது.

"என் போட்டோவுக்கு எதுக்கும்மா மெழுகுவத்தி?"

"உனக்காக வேண்டிக்கிட்டோம்."

"அப்பாவுமா?"

"அப்பா அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் என்னை அப்படிக் கட்டிக்கொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். சீப்பு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. பெட்டியை மூடும் முன் அவர் மட்டும் வந்து, காதிலிருந்த சீப்பை எடுத்து என் கணவர் தலையை ஒரு தடவை வாரிவிட்டார். வகிடு நான் எடுத்திருந்த பக்கம் இல்லை, மாற்றி எடுத்தார். என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

இதுதான் விஷயம்.

இப்போது கேட்கிறீர்கள், இதற்காக நான் மனஸ்தாபப்படுகிறேனா என்று. அது இல்லாமல் பாவமன்னிப்புத் தர முடியாது என்கிறீர்கள். அதையே இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். நீங்கள் சின்ன வயது; இப்படிப்பட்டதை முதல் தடவை கேட்கிறீர்கள் போலிருக்கிறது. தண்ணீர் ஏதாவது குடியுங்கள்.

கண்ணாடிக்காக வருந்துகிறேன். அதைத் திரும்ப மாட்டியிருக்கலாம். சீப்பு முகத்தில் கதவைச் சாத்தியதற்காக வருந்துகிறேன். டாக்டரைக் கூப்பிடாததற்கு, நீங்கள் சொன்னால், வருந்துகிறேன். அந்தப் பொய்க்கு வருந்தப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பார்க்கிறேன். முழங்காலில் நின்று பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அந்தக் காலையை நினைத்தால் நுரையோடு அந்த முகம் வருகிறது. வருத்தம் வரப்போகிறது என்று நினைக்கும்போது அந்தக் கை வந்துவிடுகிறது. கெட்டியாகப் பிடித்த கை. அதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை, ஃபாதர். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்லக் கூடாது. அதனால் சொல்கிறேன். அவர் மறுபடி அந்தக் கட்டிலில் படுத்திருந்தால், நான் மறுபடியும் சொல்வேன்.

இதைத்தான் பற்று என்கிறார்கள் என்கிறீர்கள். இருக்காது. பற்று அவருக்குத்தான் இருந்தது. அதை எடுக்கத்தான் நான் இவ்வளவு பாடுபட்டேன்.

மணி நாலரைக்கு மேல் ஆகிவிட்டது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். உங்களால் முடிந்த அளவுக்காவது மன்னிப்பைச் சொல்லிவிடுங்கள். மீதிக்கு நாளைக்கும் வருகிறேன், நாளை மறுநாளும் வருகிறேன். அங்கியை மட்டும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். கல்லறைத் தோட்டத்தைப் பூட்டுவதற்குள் நான் போக வேண்டும். மகள் தூரத்தில் இருக்கிறாள். சீப்பு அந்தப் பக்கமே வருவதில்லை. என் கணவருக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?